ஒயரைக் காய்ச்சுதல்

புது ஒயர் பழக இருநூறு மணி நேரம் ஆகுமாம். நான் சொல்லவில்லை, என்னிடம் ஸ்டீரியோ செட் வாங்க வருகிறவர்கள் சொல்கிறார்கள். ஆம்ப்ளிபயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகிற ஒயரைப் புதிதாக மாட்டினால் முதல்நாள் சத்தம் இறுகிப்போய், முகத்தில் அறைந்த மாதிரி இருக்குமாம். விடாமல் ஓடவிட்டால் அய்ம்பது மணி நேரத்தில் கொஞ்சம் இளகுமாம். நூறு மணியில் பாடகரின் மூச்சு கேட்குமாம். இருநூறில் பழுத்துவிடுமாம், பரணில் வைக்கோல் போட்டு மூடிய மாங்காய் மாதிரி. 'பர்ன்-இன்' என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதைச் செய்யத் தனியாக மெஷினே விற்கிறது. நான் மனசுக்குள் 'காய்ச்சுறது' என்றுதான் சொல்லிக்கொள்வேன்.

அய்.டி.அய்யில் ரேடியோ மெக்கானிக் படித்துவிட்டு 1989இல் மெட்ராசுக்கு வந்தேன். ரிச்சி தெருவை ஒட்டின ஒரு சந்தில் இரண்டு ஆள் நின்றால் மூன்றாவது ஆள் நிற்க முடியாத கடையில் வேலை. மைக் செட்காரர்களின் ஆம்ப்ளிபயரைச் சரிபார்ப்பது, எரிந்துபோன வாய்ஸ் காயிலைச் சுற்றுவது, கிழிந்த கோனை மாற்றுவது. திருவிழா முடிந்த மறுநாள் கடை வாசலில் கிழிந்த ஸ்பீக்கர்கள் குவிந்து கிடக்கும். அய்யனார் கோயில் ஸ்பீக்கரும் மாதாகோயில் ஸ்பீக்கரும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும், அங்கே மட்டும் தீட்டு கிடையாது. அதற்கப்புறம் சொந்தமாக ஒரு சின்னக் கடை. வீட்டு ஸ்டீரியோ வேலைகள் வர ஆரம்பித்தது 2000க்குப் பிறகுதான்.

ஒயர் விஷயத்துக்கு வருகிறேன். ஒயர் என்பது செம்பு, அதன்மேல் பிளாஸ்டிக் உறை. பாட்டு போகிறபோது செம்புக்குள் இருக்கிற எலக்ட்ரான் ஆம்ப்ளிபயரில் புறப்பட்டு ஸ்பீக்கர் வரைக்கும் ஓடுவதில்லை. இருந்த இடத்திலேயே முன்னும் பின்னும் நடுங்குகிறது, அவ்வளவுதான். வீட்டு ஒயரில் ஒரு ஆம்பியர் பாய்கிறபோது அது நடுங்குகிற தூரம் ஒரு தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. இதில் பழகுவதற்கு என்ன இருக்கிறது? சில கம்பெனிக்காரர்கள் ஒயரின்மேல் அம்புக்குறி போட்டு, இந்தப் பக்கமாகத்தான் மாட்ட வேண்டும் என்றும் விற்கிறார்கள். முன்னும் பின்னும் போகிற ஒன்றுக்கு ஏது வழி, ஏது திசை?

1983இல் அமெரிக்காவில் 'ஸ்டீரியோ ரிவ்யூ' என்ற பத்திரிகை எந்த ஒயர் ஓடுகிறது என்று சொல்லாமலே ஆட்களை உட்கார வைத்துக் கேட்கச் சொன்னது. ரொம்ப மெல்லிய ஒயரை, அதுவும் இரைச்சலை ஓடவிட்டபோது, கண்டுபிடித்தார்கள். மெல்லிய ஒயரில் தடை அதிகம், சத்தம் கொஞ்சம் குறையும், அது நியாயம். சேர்ந்திசைப் பாட்டில் விலை உயர்ந்த தடித்த ஒயரையும் சாதாரண விளக்கு ஒயரையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 2007இல் ஜேம்ஸ் ராண்டி 7,250 டாலர் ஒயருக்கும் சாதாரண ஒயருக்கும் வித்தியாசத்தைக் கேட்டுக் காட்டினால் பத்து லட்சம் டாலர் தருகிறேன் என்றார். பேச்சு நடந்தது. சோதனை நடக்கவில்லை.

ஆனால் காய வேண்டிய பொருள் உலகத்தில் இருக்கத்தான் இருக்கிறது. எங்க நைனா மோளம் அடித்தவர். பறை என்று நீங்கள் எழுதுகிறதை செய்யாறு பக்கத்தில் நாங்கள் மோளம் என்றுதான் சொல்வோம். வேப்பமரத்தில் மூன்று துண்டு செதுக்கி வளைவாகச் சேர்த்து, மூட்டுக்கு மூட்டு இரும்புத் தகடு அடித்து, புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சின பசையில் தோலை ஒட்டி இழுத்துக் கட்டுவார்கள். தோல் காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடிக்கும். குடித்தால் நார் உப்பித் தளர்ந்துபோகும், அடித்தால் 'பொத்' என்று விழும். அதனால்தான் அடிக்கிறதுக்கு முன்னால் வைக்கோலைக் கொளுத்தித் தீயில் காட்டுவது. ஈரம் போகப் போகத் தோல் இழுக்கும், சுதி ஏறும். கொஞ்சம் கூடிப்போனால் ஓரத்தில் பிளந்துவிடும்.

இந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதுதான் வித்தை. நைனா மோளத்தைத் தீக்கு மேலே ஒரே இடத்தில் காட்ட மாட்டார், சக்கரம் மாதிரி சுற்றிக்கொண்டே இருப்பார். நாலு சுற்றுக்கு ஒருதரம் எடுத்து, காதோரமாக வைத்து, நடுவில் ஒரு சுண்டு, ஓரத்தில் ஒரு சுண்டு. பிறகு உள்ளங்கையைத் தோலின்மேல் வைத்துப் பார்ப்பார், ஜுரம் வந்த பிள்ளையின் நெற்றியில் வைக்கிற மாதிரி. மழைநாள் சாவுக்கு ஒரு கணக்கு, பங்குனி வெயில் சாவுக்கு ஒரு கணக்கு. சாவு வீடு ஊர்த்தெருவில் இருக்கும், இவர்கள் தெருமுனையில் குப்பையைக் கூட்டிக் கொளுத்திக்கொண்டு நிற்பார்கள். செருப்பு கிடையாது. வேலை முடிந்தால் படி நெல்லும் சாராயமும். அந்தத் தெருவில் இருந்த ஒருவரும் இதைக் 'கேட்பது' என்று சொன்னதில்லை.

2014இல் ஒருவர் வந்தார். பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மோசமான மனிதர் என்று சொல்ல மாட்டேன். இசையைப் பற்றி அவர் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். எந்தக் கச்சேரி எந்த வருஷம், அன்றைக்கு மைக் எங்கே வைத்திருந்தார்கள் என்பதுவரை ஞாபகம் வைத்திருந்தார். அவர் வீட்டுக்கு நாலு முறை போயிருக்கிறேன். நாலு முறையும் காப்பி கொடுத்தார்கள், எனக்குப் பேப்பர் கப்பில். வீட்டுக்காரர்கள் டவரா டம்ளரில் குடித்தார்கள். பேப்பர் கப் வசதிதான், கழுவ வேண்டியதில்லை. இதைப் பற்றி இதற்குமேல் எழுதப்போவதில்லை, இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாததா.

புது ஸ்பீக்கர் ஒரு ஜோடியும், ஜோடி 48,000 ரூபாய்க்கு ஒயரும் வரவழைத்திருந்தார். அப்போது நான் கொடுத்துக்கொண்டிருந்த வாடகையில் அது எட்டு மாசம். "வீட்ல ராத்திரி பகலா ஓட விட முடியாது, ஃபிளாட்ல சண்டைக்கு வருவாங்க. உங்க கடையில வெச்சு இருநூறு மணி நேரம் ஓட்டிக் கொடுங்க, அதுக்கு தனியா காசு தந்துடறேன்" என்றார். நான் சொன்னேன்: "சார், ஸ்பீக்கருக்கு அது வேணும். ஒயருக்கு வேணாம் சார். காசு வீண்." சிரித்தார். "நீங்க ஓட்டிக் கொடுங்க" என்றார். ஓட்டினேன். அவர் பணம், அவர் ஒயர், கரண்டு பில்லும் அவருடையது.

ஸ்பீக்கருக்கு வேணும் என்று ஏன் சொன்னேன் என்றால், அதில் உண்மையிலேயே அசைகிற பொருள் இருக்கிறது. கோனைப் பிடித்துக்கொண்டிருக்கிற ரப்பர் விளிம்பு, உள்ளே பிசின் ஏற்றி விறைக்க வைத்த துணி. அதை நாங்கள் ஸ்பைடர் என்போம். புதிதில் இவை விறைப்பாக இருக்கும், ஆட ஆட இளகும். அதற்கு இருநூறு மணி நேரமெல்லாம் வேண்டியதில்லை. பகலில் பாட்டு ஓடவிட்டேன். ராத்திரியில் இரண்டு ஸ்பீக்கரையும் முகத்துக்கு முகம் ஒட்டி வைத்து, ஒன்றுக்கு மட்டும் ஒயரை மாற்றி மாட்டி, மேலே கம்பளி போர்த்திவிட்டால் ஒன்றின் சத்தத்தை மற்றது தின்றுவிடும். பக்கத்துக் கடை வாட்ச்மேன் தூங்கலாம்.

இருநூறு மணி நேரம் என்றால் எட்டு நாளும் எட்டு மணி நேரமும். அந்த எட்டு நாளும் நைனா என் கூடத்தான் இருந்தார். கண்புரை ஆபரேஷனுக்கு எழும்பூர் கண்ணாஸ்பத்திரிக்கு வந்திருந்தார். ஒரு கண்ணில் கட்டு. வீட்டில் தனியாக உட்கார முடியவில்லை என்று காலையில் என்னோடு கடைக்கு வந்துவிடுவார். ஸ்டூல் போட்டு ஸ்பீக்கருக்கு முன்னால் உட்கார்ந்துகொள்வார். முதல்நாள் சோதனைக்காக வெறும் இரைச்சலை ஓடவிட்டிருந்தேன்.

"இன்னாடா இது, ஏரி மதவு தொறந்து வுட்ட மாரி?"

"ஸ்பீக்கர பழக்குறேன் நைனா."

எழுந்துபோய்க் கோனின் ஓரத்தில் இரண்டு விரலை வைத்தார். அழுத்தவில்லை, வைத்தார். "புதுத் தோலு. வெறைப்பா கீது" என்றார்.

நாலாம் நாள் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவர், பாட்டு பாதியில் இருக்கும்போதே சொன்னார்: "டேய், எறங்கிடுச்சி. மோளம் காஞ்சா ஏறும், இது காஞ்சா எறங்குது." மீட்டரை எடுத்தேன். முதல்நாள் அந்த ஸ்பீக்கர் தன் இயல்பில் அதிர்கிற இடம் 46 ஹெர்ட்ஸ் என்று நோட்டில் குறித்து வைத்திருந்தேன். இப்போது 41. ஒயரையும் அளந்தேன். ஒரு ஆம்பியர் கரண்டை விட்டு இரண்டு முனைக்கும் நடுவே மில்லிவோல்ட் பார்ப்பது. முதல்நாள் காலையில் 42. நாலாம் நாள் மத்தியானம் 43, மறுநாள் காலையில் மறுபடி 42. அந்த ஒன்றும் வெயிலின் வேலை. செம்பு ஒரு டிகிரி சூடேறினால் தடை நூற்றுக்கு 0.4 கூடும். அதாவது அந்த ஒயரில் இருநூறு மணி நேரப் பாட்டு செய்யாததை மெட்ராஸ் மத்தியானம் செய்துவிட்டது.

எனக்கு ஒரு ஆசை வந்தது. நைனாவைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு, 48,000 ரூபாய் ஒயரையும் கடையில் சுருளாகக் கிடந்த மீட்டர் 40 ரூபாய் சிவப்பு கறுப்பு ஒயரையும் மாற்றி மாற்றி மாட்டினேன். சில தடவை மாற்றாமலே கழற்றி அதையே மறுபடி மாட்டினேன். ஒவ்வொரு தடவையும் "இப்ப எப்டி கீது நைனா?" அஞ்சாறு தடவைக்கு அப்புறம் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ ஒண்ணும் மாத்தல. சும்மா புடுங்கிப் புடுங்கி சொருவுற." சரியென்று ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பையும் கறுப்பையும் இடம் மாற்றிப் போட்டேன். பாட்டு ஆரம்பித்து ரெண்டு வரி ஆகவில்லை. "இப்ப நடுவுல ஓட்ட வுழுந்துட்ச்சி. பாடுறவன் எங்கடா போனான்?" என்றார். ஒரு ஸ்பீக்கர் முன்னால் தள்ளும்போது இன்னொன்று பின்னால் இழுத்தால் நடுவில் நிற்க வேண்டிய குரல் கலைந்துபோகும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு அய்.டி.அய்யில் சொல்லிக்கொடுத்தார்கள். அவர் அதற்குமுன் ஸ்டீரியோவுக்கு எதிரில் உட்கார்ந்ததே இல்லை.

ஒன்பதாம் நாள் அந்தப் பெரியவர் வந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஆலாபனையை முழுசாகக் கேட்டார். கண்ணைத் திறந்தபோது ஈரமாக இருந்தது, நான் பார்த்தேன். "கேட்டீங்களா? ஒயர் தொறந்துடுத்து" என்றார். நோட்டைக் காட்டினேன். ஸ்பீக்கர் 46லிருந்து 41க்கு வந்ததையும், ஒயர் அப்படியே இருப்பதையும். பார்க்கவில்லை. "மீட்டருக்கு காது கிடையாது. கேக்கறதுக்கு ஒரு பரம்பரை வேணும்ப்பா. அது எங்கேயோ ரத்தத்துல வரது" என்றார்.

"எங்க அப்பாகூட நாலாம் நாளே சொல்லிட்டார் சார், ஸ்பீக்கர் எறங்கிடுச்சின்னு" என்று ஸ்டூலைக் காட்டினேன். அப்போதுதான் நைனாவைப் பார்த்தார். உண்மையான ஆர்வத்தோடுதான் கேட்டார்: "அப்படியா? பெரியவர் என்ன, வாசிப்பாரா?"

"மோளங்க" என்றார் நைனா.

"தவிலா?"

"இல்லிங்க. சாவு மோளம். பறை."

கொஞ்ச நேரம் பாட்டு மட்டும் ஓடியது. அவர் ஸ்பீக்கர் பக்கம் திரும்பிக்கொண்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார், "கோனைத் தொட்டாரா?"

ஸ்பீக்கர் கோனை யாரும் கையால் தொடக்கூடாது என்பது சரிதான். கடைக்கு வருகிற பையன்களிடம் நானே சொல்வேன். ஆனால் அந்தக் கேள்வி எந்தச் சொல்லுக்குப் பிறகு வந்தது என்பதையும் நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். நான் பதில் சொல்வதற்குள் நைனா சொன்னார்: "தொட்டுத்தாங்க பாத்தேன். தொடாம எப்டிங்க சொல்றது?"

அவர் மீதிப் பணத்தைக் கொடுத்தார், பேசினதைவிட அய்ந்நூறு அதிகமாகவே. அதற்கப்புறம் வரவில்லை.

அவர் வீட்டில் மாற்றின பழைய ஒயர் இருபது மீட்டர் என்னிடம் கிடந்தது. பழைய ஒயரை வாங்கிப் போக என் சந்துக்கு ஒரு பையன் வருவான், வடசென்னைக்காரன். ஒயரை மேலே இருக்கிற உறையோடு எடைக்குப் போட்டால் பாதி விலை. உறையை உரித்துக் கொண்டுபோனால் முழு விலை. கத்தியால் உரிக்க நேரமாகும் என்று மொத்தமாகக் குவித்துக் கொளுத்துவார்கள், பிளாஸ்டிக் எரிந்து செம்பு நிற்கும். அந்த உறை பி.வி.சி. எரிந்தால் அமிலப் புகை வரும், டயாக்சின் என்ற நஞ்சு வரும். சட்டப்படி தடைதான். புகை என்னவோ தடையைக் கேட்டு நிற்பதில்லை. அந்தப் பையனுக்கு இருபது வயதில் நாற்பது வயது இருமல். இதுவும் ஒயரை எரிப்பதுதான். இதில் ஒயர் உண்மையிலேயே மாறுகிறது. இங்கிலீஷ் பத்திரிகைகள் 'பர்ன்-இன்' என்று எழுதுகிறபோதெல்லாம் எனக்கு அந்த இருமல்தான் கேட்கிறது, என்ன செய்ய.

பரம்பரை என்றாரே, அதைப் பற்றி. மிருதங்கத்துக்குத் தோல் பதம் பார்த்து மூட்டுகிறவர்கள் யார்? 2020இல் டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று அவர்களைப் பற்றியே புத்தகம் எழுதினார். பெரும்பாலும் தலித் கிறித்தவர்கள். மாட்டுத்தோல், எருமைத்தோல், ஆட்டுத்தோல் மூன்றும் வேண்டும் அந்த வாத்தியத்துக்கு. எந்தத் தோல் எப்படிப் பேசும் என்று கேட்டுப் பொறுக்குகிற காது அவர்களுடையது. வித்வான் வந்து 'இன்னும் கொஞ்சம் நாதம் வேணும்' என்று சொல்வதை எந்த இடத்தில் தட்டினால் வரும் என்று தெரிந்தவர்கள் அவர்கள். அந்தப் புத்தக வெளியீட்டுக்குக் கொடுத்திருந்த அரங்க அனுமதியை கலாக்ஷேத்ரா திரும்ப வாங்கிக்கொண்டது. வேறு இடத்தில் நடத்தினார்கள். மேடையில் உட்கார்ந்து வாசித்தால் சங்கீதம், கீழே உட்கார்ந்து மூட்டினால் கூலி. காதுக்கும் இங்கே மேலத்தெரு கீழத்தெரு இருக்கிறது.

நைனா மோளத்தை விட்டது 1994இல். 1991இல் அம்பேத்கர் நூற்றாண்டு வந்தபிறகு எங்கள் பக்கத்துச் சேரிகளில் சங்கம் வைத்தார்கள். எங்க ஊரிலும் பையன்கள் கூடி முடிவெடுத்தார்கள்: இனி ஊர்ச்சாவுக்கு மோளம் இல்லை, சேதி சொல்லப் போவதில்லை, செத்த மாடு எடுப்பதில்லை. ஊர்க்காரர்கள் மூன்று மாசம் கழனி வேலை கொடுக்கவில்லை. மளிகைக் கடையில் சாமான் கொடுக்கவில்லை. செய்யாறு போய் உப்பு வாங்கி வந்தோம். நைனா அந்தக் கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து மோளத்தைப் பரணில் போட்டார். தோலை எலி தின்றது. சட்டம் ரொம்ப நாள் கிடந்தது.

அப்போது இப்படிப்பட்ட பத்திரிகைகளில் ஒரு விவாதம் நடந்தது, மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பறை அடிமைச் சின்னம், தூக்கி எறி என்றது ஒரு பக்கம். பறை நம் ஆயுதம், கையில் எடு என்றது இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. நைனா எதையும் படித்ததில்லை. விட்டதற்காக அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததும் இல்லை. 'ஒரு கலை அழிஞ்சிபோச்சே' என்று பட்டணத்தில் சிலர் என்னிடம் உச்சுக் கொட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது, தெருமுனையில் வெறுங்காலோடு நிற்க வைத்தவர்களிடம் போய் அந்தக் கணக்கைக் கேளுங்கள் என்பதுதான். விட்டவனிடம் கேட்காதீர்கள். ஆனால் மோளம் பரணுக்குப் போனபிறகும் காது எங்கேயும் போகவில்லை. இருபது வருஷம் வேலையில்லாமல் இருந்த காது அது. பஸ் வரும்போதே எஞ்சினில் என்ன கோளாறு என்பார். பம்பு செட் சத்தத்தை வைத்துக் கிணற்றில் தண்ணி எவ்வளவு என்பார். நான் அவரிடம் காய்ச்சுகிற பதத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை, அவரும் சொல்லவில்லை. எனக்கு அது வரக்கூடாது என்றுதான் என்னை அய்.டி.அய்க்கு அனுப்பினார். 2019இல் இறந்தார். அவர் சாவுக்கு மோளம் வைக்கவில்லை, அவர் சொல்லியிருந்தபடி.

என் மகள் 2023இல் காலேஜில் பறை குழுவில் சேர்ந்தாள். ஆண்பிள்ளையும் பெண்பிள்ளையும், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் இருக்கிற குழு. ஷூ போட்டுக்கொண்டு, இடுப்பில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு ஆடுகிறார்கள். ஒரு நாள் சாயங்காலம் போன் செய்தாள். மழை பெய்து விட்டிருந்தது, ஆறு மணிக்கு நிகழ்ச்சி, கிரவுண்டில் தீ மூட்டியிருக்கிறார்கள். "தாத்தா எவ்ளோ நேரம்ப்பா காட்டுவாரு?"

"நேரம்லாம் இல்லம்மா. தட்டிப் பாப்பாரு. ஓரத்துல தட்டு."

தட்டினாள். போன் ஸ்பீக்கர் விரல் நகம் அளவுதான் இருக்கும், அதில் அடிச்சத்தம் ஒன்றும் வராது. டிக் டிக் என்று கேட்டது. நடுவில் தட்டச் சொன்னேன். அதுவும் டிக். "உள்ளங்கைய வெச்சிப் பாரு, சூடு எப்டி கீது?"

"சூடாத்தான் இருக்கு. எவ்ளோ சூடு இருக்கணும்?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு பையன், "இங்க குடு, இந்தப் பக்கம் இன்னும் ஏறல" என்பது கேட்டது. "அப்புறம் பேசறேன்ப்பா" என்று வைத்துவிட்டாள்.